மேற்பரப்புக் கடல்நீரில் கந்தகச் சுழற்சியை அளப்பது எப்படி

கடல்நீரில் கந்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 28 மில்லிமோல் சல்பேட் கரைந்திருக்கிறது. ஆனால் மிதவையுயிரிகளும் பாக்டீரியாக்களும் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் கந்தகச் சேர்மங்கள் லிட்டருக்குச் சில நானோமோல் அளவில்தான் காணப்படுகின்றன; அதாவது சல்பேட்டைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு குறைவு. அந்தச் சில நானோமோலை நம்பத்தக்க வகையில் அளப்பது எப்படி, அளந்து பெற்ற எண்ணைப் படிப்பது எப்படி என்பதை, கடல் அறிவியல் மாணவர்களையும் முதன்முறையாக ஆய்வுக் கப்பலில் ஏறவிருப்பவர்களையும் கருதி இக்கட்டுரை விளக்குகிறது.

தொடங்குமுன் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. இத்துறையில் தவறான எண்கள் பெரும்பாலும் விலையுயர்ந்த கருவியிலிருந்து வருவதில்லை. நீரைக் குப்பியில் பிடிக்கும்போதும் வடிதாளில் ஊற்றும்போதுமே வருகின்றன. அடுத்து, நீங்கள் அளக்கும் செறிவு என்பது வரவில் செலவு போக நின்ற இருப்பு மட்டுமே. வரவையும் செலவையும் தனித்தனியே அளக்காமல் இருப்பை மட்டும் பார்த்துச் சுழற்சியைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட முடியாது.

எவற்றை அளக்க வேண்டும்

மையப் பொருள் டைமெத்தில்சல்ஃபோனியோபுரோப்பியோனேட். பெயர் நீளமாக இருப்பதால் ஆய்வகங்களில் டி.எம்.எஸ்.பி. என்றே வழங்குகிறார்கள், இங்கும் அப்படியே. தாவர மிதவையுயிரிகள் சல்பேட்டை உள்வாங்கி, மெத்தியோனின் வழியாக இதை உருவாக்கித் தம் உயிரணுக்களுக்குள் சேர்த்து வைக்கின்றன. சுற்றியுள்ள நீரின் உப்புக்கு ஈடுகொடுப்பது, குளிரைத் தாங்குவது, கடும் வெயிலில் உயிரணுவுக்குள் தோன்றும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளின் கேட்டைத் தணிப்பது, மேய வரும் நுண்விலங்குகளை விலக்குவது என இதற்குப் பல வேலைகள் சொல்லப்படுகின்றன. எந்த இனத்தில் எந்த வேலை முதன்மை என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எல்லா இனங்களும் ஒரே அளவில் இதைச் சேர்ப்பதுமில்லை. எமிலியானியா ஹக்ஸ்லேயி, ஃபேயோசிஸ்டிஸ் போன்ற ஹாப்டோஃபைட்டுகள், டைனோஃபிளாஜெல்லேட்டுகள் ஆகிய நுண்பாசி வகைகள் தாராளமாகச் சேர்க்கின்றன. டயட்டம் என்னும் நுண்பாசிகள் பொதுவாகக் குறைவாகவே சேர்க்கின்றன. சயனோபாக்டீரியாக்களிடம் இருப்பது மிகச் சொற்பம். ஆகவே பச்சையத்தின் அளவைக் கொண்டு டி.எம்.எஸ்.பி.யை ஊகிக்கப் புகுவது வீண் வேலை.

உயிரணு மூப்படைந்தோ, வைரஸ் தாக்கியோ, விலங்கு மிதவைகளின் வாயில் அகப்பட்டோ உடையும்போது டி.எம்.எஸ்.பி. நீரில் கரைகிறது. கரைந்ததை பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாட்களுக்குள் எடுத்துக்கொள்கின்றன. எடுத்தபின் இரண்டு பாதைகள் உள்ளன. முதலாவதில் ஒரு மெத்தில் தொகுதி கழற்றப்பட்டு, கந்தகம் மெத்தேன்தயோலாக மாறிப் பின்னர் பாக்டீரியாவின் புரதத்துக்குள்ளேயே சேர்கிறது. இப்பாதையைத் திறக்கும் டி.எம்.டி.ஏ. மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது. இரண்டாவது பாதையில் மூலக்கூறு பிளந்து, அக்ரிலேட்டும் டைமெத்தில் சல்பைடும் கிடைக்கின்றன. டைமெத்தில் சல்பைடைத்தான் டி.எம்.எஸ். என்கிறோம். இந்தப் பிளவைப் பாக்டீரியாக்கள் மட்டும் செய்வதில்லை. எமிலியானியா ஹக்ஸ்லேயியிடமே இதற்கான நொதி இருப்பது 2015இல் வெளியிடப்பட்டது.

பாக்டீரியாக்கள் முதல் பாதையை விரும்புவதற்குக் காரணம் உண்டு. கடலின் மேற்பரப்பில் எண்ணிக்கையில் முன்னிற்கும் எஸ்.ஏ.ஆர்.11 என்னும் பாக்டீரியாக் கூட்டத்துக்குச் சல்பேட்டை ஒடுக்கிப் பயன்படுத்தும் திறன் கிடையாது. 28 மில்லிமோல் சல்பேட்டுக்கு நடுவே வாழ்ந்துகொண்டே, பிறர் சமைத்துத் தந்த ஒடுக்கப்பட்ட கந்தகத்தை எதிர்பார்த்திருக்கும் உயிரி அது. இதனால் கரைந்த டி.எம்.எஸ்.பி.யில் பெரும்பகுதி முதல் பாதையில் சென்று, சிறுபகுதியே டி.எம்.எஸ். ஆகிறது.

டி.எம்.எஸ்.ஸுக்கும் மூன்று செலவு வழிகள் உள்ளன: வேறு பாக்டீரியாக்கள் உண்பது, சூரிய ஒளியில் சிதைவது, காற்றில் கலப்பது. மூன்றாவது வழிதான் உலகின் கவனத்தை ஈர்த்தது. சிவப்புக் கடற்பாசி ஒன்று டி.எம்.எஸ். வெளியிடுவதை ஹாஸ் 1935இல் எழுதினார். அதன் மூலப்பொருளை சாலஞ்சரும் சிம்ப்சனும் 1948இல் கண்டறிந்தனர். திறந்த கடல்நீரிலும் டி.எம்.எஸ். பரவலாக இருப்பதை லவ்லாக் குழுவினர் 1972இல் காட்டினர். காற்றில் சேர்ந்த டி.எம்.எஸ். சல்பேட் நுண்துகள்களாகி மேகங்களைப் பாதிக்கிறது என்பதால், மிதவையுயிரிகள் புவியின் வெப்பத்தையே ஒழுங்குபடுத்துகின்றன என்ற கருதுகோளை சார்ல்சன், லவ்லாக், ஆண்ட்ரே, வாரன் ஆகியோர் 1987இல் முன்வைத்தனர். குவின், பேட்ஸ் இருவரும் 2011இல் அதை வலுவாக மறுத்தனர். அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும், கடலிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 கோடி டன் கந்தகம் இவ்வடிவில் காற்றில் கலக்கிறது என்ற மதிப்பீடு நிற்கிறது. அதற்கு அடிப்படையாக இருப்பவை இங்கே விளக்கப்படும் அளவீடுகளே.

ஆக, குறைந்தபட்சம் அளக்க வேண்டியவை மூன்று: டி.எம்.எஸ்., கரைந்த டி.எம்.எஸ்.பி., உயிரணுக்களுக்குள் இருக்கும் டி.எம்.எஸ்.பி. இவற்றோடு வீதங்களையும் அளந்தால்தான் சுழற்சி தெரியும்.

நீர் எடுத்தல்

நிஸ்கின் குப்பிகள் (குறித்த ஆழத்தில் மூடிக்கொண்டு நீரைப் பிடிக்கும் கலன்கள்) மேலே வந்தவுடன் வாயுக்களுக்கான மாதிரிகளையே முதலில் எடுக்க வேண்டும். ஆக்சிஜனும் டி.எம்.எஸ்.ஸும் முந்திக்கொள்ள, உப்புத்தன்மையும் ஊட்டச்சத்துகளும் பின்னர் வரட்டும். கப்பலில் வரிசையில் நிற்கும் மற்ற குழுக்களோடு இதைப் பயணம் தொடங்குமுன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது. நள்ளிரவில் கப்பல் நின்று நீரெடுக்கும் நிலையத்தில் வாதாட யாருக்கும் தெம்பு இருக்காது.

அடர்நிறக் கண்ணாடிக் குப்பியின் அடிவரை குழாயை இறக்கி, குமிழி எழாமல் மெதுவாக நிரப்பி, குப்பியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீர் வழிந்தோட விட்டு, மேலே காற்றிடம் சிறிதும் இல்லாமல் மூட வேண்டும். குழாயும் மூடியின் உட்புறமும் டெஃப்லானாக இருப்பது பாதுகாப்பு. ரப்பரும் சிலிகோனும் டி.எம்.எஸ்.ஸை உறிஞ்சிக்கொள்ளும், ஊடுருவவும் விடும். வாளியில் அள்ளிய நீர் டி.எம்.எஸ்.பி.க்கு ஓரளவு பயன்படலாம், டி.எம்.எஸ்.ஸுக்குக் கூடாது, ஏனெனில் சலசலப்பிலேயே வாயு போய்விடும். கப்பலின் அடியிலிருந்து ஓயாமல் நீரிழுக்கும் பம்பைப் பயன்படுத்துவதாக இருந்தால், அந்த நீரையும் அதே ஆழத்தில் நிஸ்கின் குப்பியில் எடுத்த நீரையும் ஒப்பிட்டுப் பார்த்தபிறகே நம்ப வேண்டும். பம்பின் இறக்கைகள் மென்மையான உயிரணுக்களை நசுக்கினால், கடலில் இல்லாத டி.எம்.எஸ். குழாயில் பிறந்துவிடும்.

குப்பிகளை இருட்டில், கடலின் வெப்பநிலையிலேயே வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள். டி.எம்.எஸ்.ஸைக் கரைக்கு எடுத்துச் சென்று பிறகு அளக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். குப்பிக்குள்ளும் பாக்டீரியாக்கள் உண்டுகொண்டே இருக்கின்றன, பாசிகள் கசிந்துகொண்டே இருக்கின்றன. நீர் எடுத்த நேரத்தையும், வெயிலா மேகமா என்பதையும், காற்றின் வேகத்தையும் அப்போதே எழுதி வைக்க வேண்டும். ஒளி இச்சுழற்சியின் எல்லாக் கண்ணிகளையும் பாதிப்பதால், காலை மாதிரியை மாலை மாதிரியோடு ஒப்பிடும் ஒருவர் இடத்தின் வேறுபாட்டை அளக்கிறாரா நேரத்தின் வேறுபாட்டை அளக்கிறாரா என்பது அவருக்கே தெரியாது.

வடிகட்டுதல்

மற்ற எல்லாப் பகுதிகளையும் மேலோட்டமாகப் படித்தாலும் இதை மட்டும் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

டி.எம்.எஸ்.பி. அதிகமுள்ள ஒரு பாசியின் உயிரணுவுக்குள் அதன் செறிவு நூற்றுக்கணக்கான மில்லிமோல் அளவில் இருக்கலாம். வெளியே நீரில் கரைந்திருப்பதோ ஓரிரு நானோமோல். இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு நடுவே நிற்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டும். வடிதாளின் மேல் உயிரணுக்களில் ஒரு சிறு பங்கு வெடித்தாலும், நீங்கள் ‘கரைந்தது’ என்று எழுதும் எண் மடங்குகளில் உயர்ந்துவிடும். இவ்வகைப் பிழை எவ்வளவு பரவலானது என்பதைக் கீனும் ஸ்லேசாக்கும் 2006இல் வெளியிட்ட கட்டுரை தெளிவாகக் காட்டியது: கவனமாக வடிகட்டினால், திறந்த கடலிலும் கரையோரத்திலும் கரைந்த டி.எம்.எஸ்.பி. பெரும்பாலும் 3 நானோமோலுக்கும் கீழேதான் இருக்கிறது. அதற்கு முந்தைய பல பட்டியல்களில் காணப்படும் பெரிய எண்களில் எவ்வளவு கடலுக்குச் சொந்தம், எவ்வளவு வடிதாளுக்குச் சொந்தம் என்பதை இனிப் பிரிக்க வழியில்லை.

அவர்கள் பரிந்துரைத்த முறை எளிது, பொறுமைதான் வேண்டும். 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி இழை வடிதாளைத் தாங்கியில் பொருத்தி, அதன் மேல் 40 முதல் 50 மில்லிலிட்டர் கடல்நீரை, தாங்கியின் சுவரோரமாக வழியவிட்டு மெதுவாக ஊற்ற வேண்டும். உறிஞ்சும் பம்பை இணைக்கக் கூடாது. நீர் தன் எடையாலேயே சொட்டட்டும். கீழே வைத்த சோதனைக் குழாயில் முதல் 3.5 மில்லிலிட்டர் சேர்ந்தவுடன் குழாயை எடுத்துவிட வேண்டும். மேலே எஞ்சியுள்ள நீரை ஆசைப்பட்டு வடிக்கக் கூடாது. சொட்டும் நேரம் முழுவதும் வடிதாளின் மேல் நீர் நிற்க வேண்டும், தாள் ஒருகணமும் காயக் கூடாது. காயும் தாளில் ஒட்டிய உயிரணுக்கள் காற்றைச் சந்திக்கும் கணத்திலேயே உடைகின்றன. மிதவைகள் பெருகிய நீரில் சொட்டு விழும் இடைவெளி நீண்டுகொண்டே போகும். அப்போது தாங்கியைத் தட்டுவது, சாய்ப்பது, விரலால் அழுத்துவது போன்ற கைவேலைகள் எல்லாமே மாதிரியைக் கெடுக்கும்.

சேகரிக்கும் குழாயில் முன்கூட்டியே சிறிது கந்தக அமிலம் இருக்க வேண்டும். 50 விழுக்காட்டு அமிலத்தில் 50 மைக்ரோலிட்டர் போதும். அமிலம் பாக்டீரியாக்களின் வேலையை நிறுத்துகிறது, டி.எம்.எஸ்.பி.யோ அந்நிலையில் மாதக்கணக்கில் சிதையாமல் நிற்கும். மொத்த அளவுக்காக, வடிகட்டாத நீரில் 10 மில்லிலிட்டரை இதே விகிதத்தில் அமிலம் சேர்த்து வைக்கவும். மொத்தத்திலிருந்து கரைந்ததைக் கழித்தால் உயிரணுக்களுக்குள் இருப்பது கிடைக்கும்.

இம்முறைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபேயோசிஸ்டிஸ் கூட்டமாகப் பெருகிய நீரில் வடிகட்டாமல் அமிலம் சேர்த்தால், அமிலமே பாசியின் நொதியைத் தூண்டிவிட்டு, டி.எம்.எஸ்.பி.யின் ஒரு பகுதி சேமிப்பதற்குள் டி.எம்.எஸ். ஆகிவிடுகிறது. அத்தகைய நீரை முதலில் மைக்ரோவேவ் அடுப்பில் கொதிநிலைக்குக் கொண்டுவந்து நொதிகளை அழித்து, ஆறவிட்டு, அதன்பின் அமிலம் சேர்க்கும் முறையைக் கின்சியும் கீபரும் 2016இல் வெளியிட்டனர். கப்பலின் சமையலறை அடுப்பை இதற்குக் கேட்காமல், ஆய்வகத்துக்கென்று தனியாக ஒன்றைக் கொண்டுபோவதே முறை.

கருவியில் அளத்தல்

டி.எம்.எஸ்.ஸை நேரடியாக அளக்க, 5 முதல் 20 மில்லிலிட்டர் நீரை மெதுவாக வடிகட்டி, கண்ணாடிக் கலத்தில் செலுத்தி, அதனூடே ஹீலியத்தையோ தூய நைட்ரஜனையோ குமிழியிட வேண்டும். கரைந்த வாயு குமிழிகளில் ஏறி வெளிவரும். வழியில் ஈரத்தை நீக்கி, திரவ நைட்ரஜனில் மூழ்கிய டெஃப்லான் சுருளில் அதை உறைய வைத்து, போதிய அளவு சேர்ந்ததும் சுருளைச் சட்டென்று வெந்நீருக்கு மாற்றினால், முழுவதும் ஒரே வீச்சாக, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபுக்குள் நுழைகிறது. முழுவதும் வெளியேறியதா என்பதை அறிய, அதே நீரை மறுபடி ஒருமுறை குமிழியிட்டுப் பாருங்கள். இரண்டாம் முறையிலும் கருவி வரையும் கோட்டில் குறிப்பிடத்தக்க சிகரம் எழுந்தால் குமிழியிடும் நேரத்தை நீட்டிக்க வேண்டும்.

கந்தகத்தைச் சுடரின் ஒளியால் உணரும் ஃபிளேம் ஃபோட்டோமெட்ரிக் டிடெக்டர் பயன்படுத்துபவர்கள் மறக்கக் கூடாத பண்பு ஒன்று உண்டு. அதன் ஒளி, கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து உமிழ்வது. ஆகவே சிகரத்தின் பரப்பு செறிவின் வர்க்கத்தோடு உயர்கிறது. பரப்பின் வர்க்கமூலத்தை எடுத்துக் கோடு வரைந்தால்தான் நேர்கோடு கிடைக்கும். நேரடிப் பரப்பை வைத்துக் கோடு போட்டுவிட்டுக் குறைந்த செறிவுகளில் ஏன் எண்கள் தாறுமாறாக வருகின்றன என்று கருவியைக் குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. மெத்தேன்தயோல் டி.எம்.எஸ்.ஸுக்கு முன்னும் கார்பன் டைசல்பைடு பின்னும் வெளிவருவது வழக்கம். மெத்தேன்தயோல் உலோகப் பரப்புகளில் ஒட்டி மறைந்துவிடும் என்பதால், அதையும் அளக்க விரும்புபவர்கள் நீர் தொடங்கி டிடெக்டர் வரை எங்கும் வெற்று உலோகம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டி.எம்.எஸ்.பி.யைக் கருவி நேரடியாகக் காண்பதில்லை. அமிலமிட்டுச் சேமித்த மாதிரியிலிருந்து, ஏற்கெனவே இருந்த டி.எம்.எஸ்.ஸை முதலில் குமிழியிட்டு வெளியேற்றிவிட வேண்டும். பிறகு காற்றுப்புகாத குப்பியில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கடும் காரநிலைக்குக் கொண்டுவந்து, இருட்டில் ஓர் இரவு வைத்தால், ஒரு மூலக்கூறு டி.எம்.எஸ்.பி. ஒரு மூலக்கூறு டி.எம்.எஸ். தரும். இந்த ஒன்றுக்கொன்று என்ற விகிதம் அளவுத்திருத்தத்துக்கும் கைகொடுக்கிறது: எடை போட்ட டி.எம்.எஸ்.பி. உப்பைக் கரைத்து, அதே வழியில் காரமிட்டுத் தரநிலைக் கரைசல்கள் தயாரிக்கலாம். அமிலமிட்ட நீரில் காரம் சேரும்போது சூடு கிளம்பும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மூடுவதற்குத் தாமதித்தால் அளக்க வேண்டிய வாயு அறைக்குள் பரவும். வேகவைத்த முட்டைக்கோஸின் நெடியை ஒத்த அந்த மணத்தை மனித மூக்கு மிகக் குறைந்த செறிவிலேயே உணர்ந்துவிடும்.

வீதங்களை அளத்தல்

இதுவரை பெற்றவை இருப்பு எண்கள். ஒரே 3 நானோமோல் டி.எம்.எஸ்., நாளுக்கு ஒரு நானோமோல் பிறந்து அழியும் மந்தமான நீரிலும் காணப்படலாம், நாளுக்கு 10 நானோமோல் பிறந்து அழியும் சுறுசுறுப்பான நீரிலும் காணப்படலாம்.

கரைந்த டி.எம்.எஸ்.பி. செலவாகும் வேகத்தை அறியக் கதிரியக்கக் கந்தகம்-35 சேர்த்த தடயப்பொருளைப் பயன்படுத்துவது நன்கு தேர்ந்த முறை. இயற்கையான செறிவைக் கலைக்காத அளவுக்கு மிகச் சிறிதாகச் சேர்த்து, இருட்டில் வைத்து, நேரம் செல்லச் செல்ல எவ்வளவு மறைகிறது, மறைந்ததில் எவ்வளவு பாக்டீரியாக்களின் உடலில் தங்கியது, எவ்வளவு ஆவியாகும் வடிவில் வெளியேறியது என்று பிரித்துக் கணக்கிட வேண்டும். கடைசி விகிதமே டி.எம்.எஸ். விளைச்சல், சுழற்சியைப் பற்றி வேறெந்தத் தனி எண்ணும் இவ்வளவு சொல்லாது. கந்தகம்-35இன் அரைவாழ்வு 87 நாட்கள் என்பதால் பயணத் தேதியைப் பார்த்துத்தான் தடயப்பொருளைத் தயாரிக்க வேண்டும். கதிரியக்க அனுமதி கிடைக்காத கப்பல்களில், டியூட்டீரியமோ கார்பன்-13ஓ சேர்ந்த நிலையான தடயப்பொருட்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு சேர்த்துப் பயன்படுத்துவது இப்போது பரவி வருகிறது; அனுமதிக்காக அலைவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

டி.எம்.எஸ்.ஸைப் பாக்டீரியாக்கள் உண்ணும் வேகத்தையும் இதே வழியில் அறியலாம். தடுப்பான்களைச் சேர்த்துச் செய்யும் பழைய முறையும் இருக்கிறது. டைமெத்தில் டைசல்பைடு சேர்த்தால் உண்பது நின்று டி.எம்.எஸ். சேரத் தொடங்கும், சேரும் வேகமே உண்ணப்பட்ட வேகம் என்று கொள்வது அதன் அடிப்படை. எல்லா உயிரிகளையும் தடுப்பான் ஒரே அளவில் நிறுத்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, வேறு கந்தக வினைகளையும் அது கலைக்கலாம். வேறு வழியில்லாதபோது மட்டும் இதைக் கையாளலாம்.

ஒளிச்சிதைவுக்கு, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் உயிரிகளை நீக்கிய நீரைக் குவார்ட்ஸ் குழாய்களில் அடைத்து வெயிலில் வைக்க வேண்டும். இருட்டில் வைத்த ஒரு குழாய் ஒப்பீட்டுக்கு அவசியம். சாதாரணக் கண்ணாடியும் பாலிகார்பனேட்டும் புறஊதாக் கதிர்களில் வேண்டிய பகுதியை மறைத்துவிடும். டி.எம்.எஸ். தானாக அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. கரைந்த நிறமுள்ள கரிமப்பொருட்களும் நைட்ரேட்டும் ஒளியை வாங்கி வினையைத் தூண்டுகின்றன. எனவே ஒரு நீரில் அளந்த மதிப்பை வேறு நீருக்குக் கொண்டுபோக முடியாது. மேற்பரப்பில் அளந்ததைக் கலப்பு அடுக்கு (காற்றால் கலங்கி ஒரேசீராக இருக்கும் மேல்நீர்) முழுமைக்குமான சராசரியாக மாற்றும்போது, ஆழத்தோடு ஒளி குறைவதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மரபணுக்களை எண்ணுவது இன்று எளிதாகிவிட்டதால், டி.எம்.டி.ஏ.வும் பிளவுப் பாதையின் டி.டி.டி. குடும்ப மரபணுக்களும் எத்தனை படிகள் உள்ளன என்று அளந்து, அதையே வீதமாக எழுதும் போக்கு தலைகாட்டுகிறது. மரபணு இருப்பது திறமைக்குச் சான்று, செயலுக்குச் சான்று அல்ல. பாசிகள் தாமே செய்யும் பிளவு அந்த எண்ணிக்கையில் சேரவே சேராது.

காற்றுக்குப் போவதைக் கணக்கிடுதல்

கடலிலிருந்து காற்றுக்குச் செல்வதை நேரடியாக அளக்கும் கருவிகள் உண்டெனினும், பெரும்பாலோர் கணக்கிட்டே பெறுகிறார்கள். காற்றில் டி.எம்.எஸ். மிகக் குறைவு என்பதால் அதைப் பூஜ்யமாகக் கொண்டு, நீரிலுள்ள செறிவைப் பரிமாற்ற வேகத்தால் (வாயு நீர்ப்பரப்பைக் கடக்கும் வேகம்) பெருக்கினால் போதும்.

நைட்டிங்கேல் குழுவினரின் 2000ஆம் ஆண்டுச் சூத்திரப்படி, காற்றின் வேகத்தின் வர்க்கத்தை 0.222ஆலும், வேகத்தை 0.333ஆலும் பெருக்கிக் கூட்டினால், ஷ்மிட் எண் (நீரின் பாகுநிலைக்கும் வாயு அதில் பரவும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) 600ஆக இருக்கும்போது பரிமாற்ற வேகம் மணிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று கிடைக்கும். நொடிக்கு 6 மீட்டர் காற்றுக்கு அது 9.99. நீரின் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ் எனில், டி.எம்.எஸ்.ஸின் ஷ்மிட் எண் ஏறத்தாழ 642. 642ஐ 600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதனால் 9.99ஐ வகுத்தால் 9.66 சென்டிமீட்டர், அதாவது நாளுக்கு 2.32 மீட்டர். லிட்டருக்கு 4 நானோமோல் என்பது கன மீட்டருக்கு 4 மைக்ரோமோல். பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் கடலிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 9.3 மைக்ரோமோல் டி.எம்.எஸ். காற்றுக்குப் போகிறது.

இப்போது இதை மற்றச் செலவுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கலப்பு அடுக்கின் ஆழம் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள இருப்பு சதுர மீட்டருக்கு 80 மைக்ரோமோல்; காற்றுக்குப் போவது நாளுக்கு அதில் 0.12 பங்கு. ஒளிச்சிதைவு 0.3 பங்கு என்றும், பாக்டீரியாக்கள் உண்பது 0.6 பங்கு என்றும் உங்கள் சோதனைகள் காட்டியதாகக் கொள்வோம். இவை கணக்கைக் காட்ட எடுத்துக்கொண்ட எண்களே. மொத்தச் செலவு நாளுக்கு 1.02 பங்கு, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 4.1 நானோமோல். செறிவு நாளுக்கு நாள் மாறாமல் நிற்கிறதென்றால் வரவும் 4.1ஆகத்தான் இருக்க வேண்டும். காற்றுக்குக் கிடைப்பது அதில் ஒன்பதில் ஒரு பங்குதான்.

அந்த 4.1 எங்கிருந்து வந்தது? கரைந்த டி.எம்.எஸ்.பி. 2 நானோமோல், அது நாளுக்கு 8 முறை புதுப்பிக்கப்படுகிறது, விளைச்சல் 10 விழுக்காடு என்று தடயப்பொருள் காட்டினால், பாக்டீரியாக்களின் வழியே வந்தது 1.6 நானோமோல் மட்டுமே. எஞ்சிய 2.5 நானோமோலைப் பாசிகளின் சொந்த நொதிகளும், மேய்ச்சலின்போது விலங்கு மிதவைகளின் உணவுக்குழிகளில் நடக்கும் பிளவும் தந்திருக்க வேண்டும். இந்த இடைவெளியைக் காண்பதற்காகத்தான் இத்தனை பாடும். கரைந்த டி.எம்.எஸ்.பி.யை வடிதாளில் கெடுத்து 2க்குப் பதில் 6 என்று எழுதியிருந்தால், பாக்டீரியாக்களே தேவைக்கு மேல் உற்பத்தி செய்கின்றன என்ற முடிவுக்கு வந்திருப்பீர்கள்; பாசிகளின் பங்கு ஒரேயடியாக மறைந்திருக்கும்.

எண்களைப் படித்தல்

அளந்தவை கைக்கு வந்தபின் முதலில் எழும் ஆசை, டி.எம்.எஸ்.ஸைப் பச்சையத்துக்கு எதிராக வரைந்து பார்ப்பது. வரைந்து பாருங்கள், ஆனால் நேர்கோடு கிடைக்காவிட்டால் கலங்க வேண்டாம். பெர்முடாவுக்கு அருகே சர்காசோ கடலில் 1990களில் எடுத்த தொடர் அளவீடுகள், பச்சையம் வசந்தத்துக்கு முன்பின்னாக உச்சம் தொட்டுக் கோடையில் வற்றியபின்னரே டி.எம்.எஸ். உச்சம் தொடுவதைக் காட்டின. கோடை முரண் என்று இத்துறையில் இதைச் சொல்வார்கள். கோடையில் கலப்பு அடுக்கு மெலிந்து உயிரிகள் எல்லாம் வெயிலில் அகப்படுகின்றன, டி.எம்.எஸ். உண்ணும் பாக்டீரியாக்கள் புறஊதாக் கதிர்களால் தளர்கின்றன. எஞ்சிய பாசிகளில் டி.எம்.எஸ்.பி. மிகுந்த இனங்களின் பங்கு கூடுகிறது. ஊட்டச்சத்துக் குறைவும் வெயிலும் சேர்ந்து அவற்றை மேலும் கசிய வைக்கின்றன. வரவு சற்றே ஏறி, செலவு இறங்கினாலும் இருப்பு உயரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மிதவைகளை வளர்க்கக் கடலில் இரும்பு தூவிய இரண்டு சோதனைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதும் பயன் தரும். 1999இல் தென்பெருங்கடலில் நடந்த சோய்ரீ சோதனையில் மிதவைகள் பெருகியதோடு டி.எம்.எஸ்.ஸும் ஏறத்தாழ மும்மடங்கானது. 2002இல் வடகிழக்குப் பசிபிக்கில் நடந்த சீரிஸ் சோதனையிலும் மிதவைகள் பெருகின. ஆனால் டயட்டம்கள் ஆதிக்கம் பெற்று, பாக்டீரியாக்களும் அவற்றோடு வளர்ந்து, கந்தகத்தைத் தம் வளர்ச்சிக்கே எடுத்துக்கொண்டதால், முடிவில் இரும்பு தூவிய நீரில் வெளிநீரைவிட டி.எம்.எஸ். குறைந்துபோனது. இரும்பு தூவினால் மேகம் பெருகும் என்று திட்டமிடுபவர்கள் முதல் சோதனையை மட்டும் மேற்கோள் காட்டுவதைக் கவனித்திருக்கிறேன்.

அரபிக்கடலில் அளப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. தென்மேற்குப் பருவக்காற்றுக்குப் பின் கோவா கரையோரத்தில் அடிநீரில் ஆக்சிஜன் வற்றும் காலத்தில், டி.எம்.எஸ். நூற்றுக்கணக்கான நானோமோல் வரை ஏறியது பதிவாகியிருக்கிறது. அந்த நீருக்கு மேலே சொன்ன மூன்று செலவுகளின் கணக்கு பொருந்தாது. வரும் வழிகளும் வேறு. ஹைட்ரஜன் சல்பைடு கலந்த மாதிரியில் குரோமட்டோகிராமின் தொடக்கச் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் என்பதால், மாதிரியின் அளவைக் குறைத்து, சிகரங்களைப் பிரித்தெடுத்த பிறகே எண்ணை எழுத வேண்டும்.

பயணம் முடிந்து பட்டியல் தயாரிக்கும்போது, இடம், நாள், உலக நேரம், ஆழம், வெப்பநிலை, உப்புத்தன்மை, காற்றின் வேகம் ஆகியவற்றோடு, எந்த வடிதாள், சொட்டவிட்டதா உறிஞ்சியதா, எத்தனை மில்லிலிட்டர் சேகரித்தது, எந்த அமிலம், சேமித்த நாட்கள் எத்தனை என்பவற்றுக்கும் தனிப் பத்திகள் ஒதுக்குங்கள். அமெரிக்காவின் பசிபிக் கடல்சார் சூழலியல் ஆய்வகம் பராமரிக்கும் உலகத் தரவுத்தளத்தில் இப்பட்டியல்களைச் சேர்க்கலாம். 2011இல் வெளியான டி.எம்.எஸ். செறிவின் உலக வரைபடம் அங்கே திரண்ட 47,000க்கும் மேற்பட்ட அளவீடுகளிலிருந்து வரையப்பட்டது. அந்த வரைபடத்தில் இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதி மிகச் சில புள்ளிகளைக் கொண்டு நிரப்பப்பட்டது என்பதால், இப்பகுதியிலிருந்து செல்லும் ஒவ்வொரு நிலையத்தின் எண்ணும் வரைபடத்தை நேரடியாக மாற்றும். முறை குறிப்பிடாத எண்ணை மட்டும் அனுப்ப வேண்டாம்.